"மாஸ்க் கண்ணெதிரே ஆடியது... நான் சிரித்துக்கொண்டிருந்தேன்!"

கோவைப் பக்கம் ஒரு தொழில் குழுமத்தில் நிதிப் பிரிவு மேலாளராக இருக்கும் 44 வயது வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், நிறுவனம், தேதி எல்லாவற்றையும் அவர் கேட்டபடி நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

குழுமத்துக்குச் சொந்தமாக எட்டுப் பேர் உட்காரும் சிறிய ஜெட் விமானம் இருக்கிறது. எம்.டி.யோடு மாதம் மூன்று நான்கு முறை இவரும் டெல்லி, மும்பை போய்வருவார். மூன்று வாரத்துக்கு முன் டெல்லி போகும் வழியில், 41,000 அடி உயரத்தில், கதவுப் பக்கமிருந்து 'உஸ்ஸ்' என்று சத்தம் வந்திருக்கிறது. காது அடைத்தது. கொஞ்ச நேரத்தில் கூரையிலிருந்து ஆக்சிஜன் மாஸ்க்குகள் தொங்கின. இவர் மடிக்கணினியில் கணக்கு அட்டவணை ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தார். "எனக்குப் பயமே வரவில்லை டாக்டர். உள்ளுக்குள் இதமாக இருந்தது. இந்த வரியை முடித்துவிட்டு மாஸ்க்கைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டுகூட இருந்தேனாம்" என்று எழுதுகிறார். எதிர் இருக்கையில் இருந்த எம்.டி.யின் மருமகள் எட்டி மாஸ்க்கை இழுத்து இவர் முகத்தில் அழுத்தியிருக்கிறார். அதற்குள் விமானம் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு கீழே பாய ஆரம்பித்துவிட்டது. ஸ்பீக்கரில் ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் நாக்பூரில் பத்திரமாக இறங்கியிருக்கிறார்கள்.

இப்போது அவருக்கு வலது காது அடைத்தபடியே இருக்கிறது. இரவில் தூக்கிவாரிப்போட்டு எழுகிறார். ஒன்றும் சொல்லாமல் விமானத்தைக் குப்புறத் தள்ளிய கேப்டன் மீது கடும் கோபம். அவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லி எம்.டி.யிடம் பேசப் போகிறாராம். பதினைந்து வருடமாகப் பிராணாயாமம் செய்வதால்தான் மாஸ்க் இல்லாமலும் நிதானமாக இருக்க முடிந்தது என்று நம்புகிறார். மாஸ்க்கில் இருந்த பை ஊதவில்லை, அதனால் பழுதென்று நினைத்து ஒரு முறை கழற்றிவிட்டாராம். அந்த நேரத்தில் மடிக்கணினியும் கெட்டுப்போய், மூன்று வரி முழுக்க 4, 4, 4 என்றே பதிவாகியிருக்கிறது என்கிறார். நடந்ததை வெளியே பேச வேண்டாம் என்று எம்.டி. சொல்லிவிட்டதால் மனைவியிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இனி அந்த விமானத்தில் ஏற மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா என்பதுதான் அவருடைய முக்கியமான கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

விமானப்படையில் மருத்துவராக இருந்தவன் என்ற முறையில் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படவில்லை, நன்றி சொல்ல வேண்டிய ஆள் மீது கோபப்படுகிறீர்கள். முதலில் அதைச் சரிசெய்துவிடுவோம். எம்.டி.யிடம் போய்ப் பேசுவதற்கு முன்னால் இதை முழுவதும் படித்துவிடுங்கள்.

கேப்டன் ஏன் பேசவில்லை?

41,000 அடியில் வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த உயரத்தில் விமான அறையின் அழுத்தம் ஒரேயடியாகப் போய்விட்டால், ஆக்சிஜன் இல்லாத ஒரு மனிதருக்குத் தெளிவோடு ஏதாவது செய்யக் கிடைப்பது சுமார் 15 முதல் 20 நொடி. 35,000 அடியில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். 25,000 அடியில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். இது மயங்கி விழும் வரை உள்ள நேரம் அல்ல. சரியான பொத்தானை அழுத்தும் புத்தி இருக்கும் நேரம். அதன் பிறகும் கண் திறந்திருக்கும், கை அசையும், வேலை மட்டும் நடக்காது.

அதனால்தான் அழுத்த எச்சரிக்கை ஒலித்ததும் விமானி செய்ய வேண்டிய முதல் காரியம் தன் மாஸ்க்கை மாட்டுவது. ஒரே கையால், ஐந்து நொடிக்குள் மாட்டும்படிதான் விமானிகளின் மாஸ்க்கைச் செய்திருக்கிறார்கள். என்ன கோளாறு என்று ஆராய்வதெல்லாம் அப்புறம். அடுத்து எஞ்சினைக் குறைத்து, இறக்கை மேலுள்ள வேகத்தடைகளை விரித்து, மூக்கைத் தாழ்த்தி, மாஸ்க் இல்லாமலே மனிதர் மூச்சுவிடக்கூடிய 10,000 அடிக்குக் கொண்டுவர வேண்டும். கீழே வேறு விமானங்கள் பறக்கலாம் என்பதால் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்ல வேண்டும். விமானிகளுக்குப் பயிற்சியில் சொல்லித்தரும் வரிசையே இதுதான்: முதலில் ஓட்டு, பிறகு வழி பார், அதற்குப் பிறகு பேசு. பயணிகளிடம் பேசுவது அந்த வரிசையின் கடைசியில் வருகிறது.

நீங்கள் 'விழுந்த'தாக நினைத்தது நிமிடத்துக்கு ஆறாயிரம் அடி அளவில் நடந்த ஓர் இறக்கமாக இருந்திருக்கும். சாதாரணமாக இறங்கும் வேகத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. வயிறு தொண்டைக்கு வந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இறக்கைகள் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தன. அந்தப் பாய்ச்சலை விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தரப்பட்ட சிகிச்சையே அதுதான். கேப்டன் மைக்கை எடுத்து, "பயணிகள் கவனத்துக்கு" என்று நிதானமாக இரண்டு வாக்கியம் பேசிவிட்டு இறக்கியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நீங்கள் இருந்திருப்பீர்களா என்று எனக்கு உறுதியில்லை.

தரையிறங்கிய பிறகாவது அவர் உங்கள் எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை விளக்கியிருக்க வேண்டும். அதை அவர் செய்யவில்லை என்றால் அது குறைதான், கேளுங்கள். வேலையை விட்டு நீக்க அது காரணமாகாது.

அந்த இதம்தான் ஆபத்து

பெங்களூரில் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே இரும்பாலான ஓர் அறையில் உட்காரவைத்து, காற்றை உறிஞ்சி, உயரத்தில் இருக்கும் அழுத்தத்தைத் தரையிலேயே உண்டாக்குவார்கள். பயிற்சிக் காலத்தில் நானும் உட்கார்ந்தேன். 25,000 அடிக்குச் சமமான அழுத்தம் வந்ததும் மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, கையில் ஒரு காகிதம் தந்தார்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்து எழுத வேண்டும். 93, 86, 79 என்று எழுதினேன். மிகச் சுலபமாக இருந்தது. இவ்வளவு எளிய கணக்கையா தருகிறார்கள் என்று எண்ணியதுகூட நினைவிருக்கிறது. 'மாஸ்க்கைப் போடு' என்று பயிற்றுநர் மூன்று முறை சொன்னாராம். எனக்கு ஒரு முறைகூடக் கேட்டதாக நினைவில்லை. வெளியே வந்து காகிதத்தைப் பார்த்தால், 72க்குப் பிறகு 65, 65, 65, 6, அப்புறம் ஒரு கோடு. அருகில் இருந்தவர் சொன்னார், என் நகக்கண்கள் நாவல்பழ நிறத்துக்குப் போயிருந்தனவாம். நான் கவனிக்கவே இல்லை.

உங்கள் மடிக்கணினியில் கோளாறு எதுவும் இல்லை. அந்த மூன்று வரி நான்குகளை எழுதியது உங்கள் விரல்தான்.

ஆக்சிஜன் குறையும்போது மூளையில் முதலில் மங்குவது, 'எனக்கு ஏதோ ஆகிறது' என்று கண்டுகொள்ளும் பகுதி. மூச்சுத் திணறல் வரும், நெஞ்சு அடைக்கும், அப்போது உஷாராகிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். திணறலை உண்டாக்குவது பெரும்பாலும் உடலில் சேரும் கரியமில வாயு. உயரத்தில் அது சேர்வதில்லை. மூச்சோடு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதனால் எச்சரிக்கை மணி அடிக்காமலே அறிவு அணைகிறது. சிலருக்கு விரல் நுனி மரத்துப்போகும், சிலருக்குப் பார்வை ஓரங்களில் இருண்டு சுருங்கும், சிலருக்குக் காரணமில்லாத எரிச்சல் வரும். உங்களுக்கு வந்தது போல மகிழ்ச்சியும் வரும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1875 ஏப்ரலில் 'செனித்' என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் எண்ணாயிரம் மீட்டரைத் தாண்டி ஏறினார்கள். பைகளில் ஆக்சிஜன் கலந்த காற்றைக் கையோடுதான் வைத்திருந்தார்கள். இருவர் இறந்தார்கள். கேட்கும் திறனை இழந்து உயிர்தப்பிய காஸ்தோன் திசாந்தியே, உள்ளுக்குள் ஓர் ஆனந்தம் பொங்கியதாகவும் வரப்போகும் ஆபத்தைப் பற்றி நினைக்கவே தோன்றவில்லை என்றும் எழுதிவைத்தார்.

2008 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு லியர்ஜெட் சரக்கு விமானத்தின் விமானி கட்டுப்பாட்டு மையத்தோடு பேசியது ஒலிப்பதிவாக இருக்கிறது. நாக்குக் குழறுகிறது. உயரத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை, வேகத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை, திசையைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, 'மற்றபடி எல்லாம் நலம்' என்கிறார். விமானப் பயிற்சி வகுப்புகளில் இதைப் போட்டுக் காட்டுவார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த மையத்தில் இருந்தவர்கள் அவர் ஆக்சிஜன் குறைவில் இருப்பதைப் புரிந்துகொண்டு, இறங்கு, இறங்கு என்று விடாமல் சொல்லி 11,000 அடிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே வந்ததும் குரல் தெளிந்துவிட்டது. அவரைக் காப்பாற்றியது வெளியிலிருந்து வந்த குரல். உங்களுக்கு அந்தக் குரல் எம்.டி.யின் மருமகள். தன் மாஸ்க்கை முதலில் போட்டுக்கொண்டு அப்புறம் உங்களிடம் எட்டியதால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது. அவருக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல்லுங்கள்.

பிராணாயாமமும் ஊதாத பையும்

பிராணாயாமத்தை விட்டுவிடாதீர்கள், நல்லது. ஆனால் இந்த விஷயத்தில் அது உதவாது. நிலத்தில் மூச்சை அடக்கினால் நுரையீரலில் இருக்கும் ஆக்சிஜனை இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். 40,000 அடியில் நுரையீரலுக்குள் இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம் இரத்தத்தில் இருப்பதைவிடக் குறைந்துபோய், ஆக்சிஜன் எதிர்த்திசையில் ஓடும். இரத்தம் ஒவ்வொரு முறை நுரையீரலுக்கு வரும்போதும் வாங்குவதற்குப் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போகும். இரண்டு நிமிடம் அடக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அங்கே வித்தியாசம் இல்லை. அதோடு, அழுத்தம் சட்டென்று குறையும்போது நுரையீரலில் உள்ள காற்று விரியும். அப்போது மூச்சைப் பிடித்துவைத்தால் நுரையீரல் திசுவே கிழியலாம். வாயைத் திறந்து விட்டுவிட வேண்டும், பிடிக்கக் கூடாது.

பை ஊதாதது பழுது அல்ல. பயணிகள் மாஸ்க்கில் ஆக்சிஜன் தொடர்ந்து மெலிதாக வந்துகொண்டே இருக்கும். பை உப்பலாம், உப்பாமலும் இருக்கலாம். பல விமானங்களில் மாஸ்க்கை உங்கள் பக்கம் ஒரு இழு இழுத்தால்தான் ஊசி விடுபட்டு ஓட்டமே தொடங்கும். தொங்கும் மாஸ்க்கைத் தொடாமல் அதனருகே முகத்தைக் கொண்டுபோவதில் பயனில்லை. கேப்டன் சொல்லும் வரை கழற்றாதீர்கள்.

சொந்த விமானம் கூடுதல் பாதுகாப்பா?

'கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய விமானத்தில் இப்படி ஆகலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெட் விமானத்தின் அறை ஓட்டைக் குடம் மாதிரி. குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டால், ஓட்டை இருந்தாலும் குடம் நிறைந்தே இருக்கும். எஞ்சினிலிருந்து வரும் அழுத்தக் காற்றுதான் குழாய். வால் பக்கம் இருக்கும் வெளியேற்று வால்வுதான் ஓட்டை. எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை ஒரு கருவி பார்த்துக்கொள்கிறது. குழாய் அடைபட்டாலோ, வால்வு அதிகம் திறந்துகொண்டாலோ, உங்கள் விமானத்தில் சந்தேகிக்கும்படி கதவின் ரப்பர் சுற்று பிடிவிட்டாலோ குடம் வடியும். பெரிய விமானத்தின் குடம் பெரியது, வடிய நேரமாகும். உங்களுடையது சின்னக் குடம். போதாததற்குப் பயணிகள் விமானங்களைவிட அது உயரத்தில் பறக்கிறது. இந்த வகையில் சில 51,000 அடி வரைகூடப் போகும். ஓட்டை ஒரே அளவு என்றால் உங்களுக்குக் கிடைக்கும் நேரம்தான் குறைவு. இதனால் தனி ஜெட் ஆபத்தானது என்று நான் சொல்லவில்லை. மறதிக்கு அங்கே இடம் குறைவு என்கிறேன்.

இரண்டு விபத்துகளை மட்டும் சொல்கிறேன். 1999 அக்டோபர் 25 அன்று அமெரிக்க கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டூவர்ட் உட்பட ஆறு பேரோடு ஆர்லாண்டோவிலிருந்து டல்லாஸுக்குக் கிளம்பியது ஒரு லியர்ஜெட் 35. 39,000 அடிக்கு ஏற அனுமதி கொடுத்தபோது பதில் வந்தது. ஆறு நிமிடம் கழித்துக் கூப்பிட்டபோது பதில் இல்லை. போர் விமானங்கள் அருகே போய்ப் பார்த்தால் சன்னல்களில் உள்பக்கம் உறைபனி. எரிபொருள் தீரும்வரை ஏறக்குறைய நான்கு மணி நேரம் தானாகவே பறந்து தெற்கு டகோட்டாவில் விழுந்தது. அழுத்தம் ஏன் போனது என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் விமானிகளுக்கு நேரத்துக்கு ஆக்சிஜன் கிடைக்கவில்லை என்பது விசாரணையின் முடிவு. அழுத்தம் சட்டென்று போனால் எட்டே நொடியில் யோசிக்கும் திறன் மங்கத் தொடங்கலாம் என்று அந்த அறிக்கை சொல்கிறது.

இரண்டாவது 2023 ஜூன் 4. டென்னசியிலிருந்து நியூயார்க் பக்கம் கிளம்பிய செஸ்னா சைட்டேஷன் என்ற சிறிய ஜெட் விமானம். ஒரே விமானி, மூன்று பயணிகள், அவர்களில் ஒன்று சின்னக் குழந்தை. 34,000 அடிக்கு ஏறும்போதே பேச்சு நின்றுபோனது. போக வேண்டிய ஊருக்கு மேலே போய்த் தானாகத் திரும்பி, வாஷிங்டன் நகரைத் தாண்டி வர்ஜீனியா மலையில் மோதியது. அதன் பராமரிப்புக் குறிப்புகளைப் பாருங்கள்: கெடு தாண்டிய பரிசோதனைகள் பல, அதோடு விமானியின் பக்கம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் மாஸ்க் பொருத்தப்படவே இல்லை. விபத்துக்குச் சில வாரம் முன்பே இது பராமரிப்பில் கண்ணில் பட்டிருக்கிறது. ஒரு மாஸ்க், வாசகரே. உங்கள் கேப்டன் எதை முதலில் மாட்டினாரோ அதே மாஸ்க்.

ஆகவே 'இந்த விமானம் பாதுகாப்பானதா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'ஆமாம்' என்று பொதுவாகவே பதில் வரும். இப்படிக் கேளுங்கள். கதவின் ரப்பர் சுற்றை மாற்றினார்களா, மாற்றிய பிறகு அழுத்தச் சோதனை செய்தார்களா? ஆக்சிஜன் சிலிண்டரின் அளவைக் கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்களா? உங்கள் பயணத்தில் மாஸ்க்குகள் விழுந்திருக்கின்றன, அவற்றை மறுபடி மடித்து வைத்துச் சிலிண்டரை நிரப்பிக் கையெழுத்திட்டது யார்? எப்போதும் இரண்டு விமானிகள் போகிறார்களா? அவசர இறக்கத்தைச் சிமுலேட்டரில் கடைசியாக எப்போது பயிற்சி செய்தார்கள்? 35,000 அடிக்கு மேல் ஒருவர் எழுந்து கழிவறைக்குப் போனால் மற்றவர் மாஸ்க்கை மாட்டிக்கொள்கிறாரா? (அமெரிக்க விதிப்படி அது கட்டாயம், 41,000 அடிக்கு மேல் பறந்தால் ஒருவர் எப்போதுமே அணிந்திருக்க வேண்டும்.) நல்ல கேப்டன் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். ஒரு பயணி இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறாரே என்று சந்தோஷப்படுவார்.

காதும் தூக்கமும்

அந்த ஒன்றிரண்டு நிமிட ஆக்சிஜன் குறைவால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு ஏதும் ஏற்பட்டிருக்க வாய்ப்பில்லை. மாஸ்க் போட்டதும் தெளிவு திரும்பிவிட்டது, அதன் பிறகு கணக்கு வேலையில் தடுமாற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல அறிகுறி.

கவலைப்பட வேண்டியது காது. வேகமாக இறங்கும்போது தொண்டையையும் காதையும் இணைக்கும் குழாய் திறக்காவிட்டால், செவிப்பறை உள்பக்கம் இழுபட்டு நீரோ இரத்தமோ சேரும். அன்றைக்குச் சளி இருந்ததாகவும் சொல்கிறீர்கள். அதனால்தான் ஒரு காது மட்டும். பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். மூன்று வாரம் என்பது அதிகம். இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துக் கேட்புச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். தலைசுற்றலோ, காதில் இரைச்சலோ, கேட்பதில் தெளிவான குறைவோ இருந்தால் வாரக் கடைசி வரைகூடக் காத்திருக்காதீர்கள். உள்காது பாதித்திருந்தால் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் இழப்பு. எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது வேண்டவே வேண்டாம். மருத்துவர் சொல்லும்வரை எந்த விமானத்திலும் ஏறாதீர்கள், பெரிய விமானமானாலும்.

இரவில் திடுக்கிட்டு எழுவது இவ்வளவு பெரிய விஷயத்துக்குப் பிறகு இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், நன்றாகக் குணமாகக்கூடியது. அதற்கு முன்பாக மனைவியிடம் சொல்லுங்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் நடுராத்திரியில் அலறி எழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவர் இதைவிட மோசமாக எதையாவது கற்பனை செய்துகொண்டிருப்பார். எம்.டி. வெளியே சொல்ல வேண்டாம் என்றது வீட்டுக்குப் பொருந்தாது.

மறுக்கலாமா, மறைக்கலாமா?

வேலை ஒப்பந்தத்தைப் பற்றிய நுணுக்கம் வழக்கறிஞரின் வேலை. மருத்துவனாக நான் சொல்ல முடிந்தது இது: காது ஆறும்வரை பறக்கத் தகுதியில்லை என்று உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்தால், அதை எந்த முதலாளியும் தட்ட முடியாது. அந்த இடைவெளி உங்களுக்குத் தேவை. அந்த நாட்களில், மேலே சொன்ன கேள்விகளை மின்னஞ்சலில் மரியாதையாக எழுதி அனுப்புங்கள். பதில் திருப்தியாக இருந்தால் திரும்ப ஏறலாம் என்பதே என் கருத்து. பழுது சரிசெய்யப்பட்டு, இப்படி ஓர் அவசரத்தைச் சரியாகக் கையாண்ட கேப்டன் ஓட்டும் விமானத்தில் நானே ஏறுவேன். பதில் வராவிட்டாலோ, மழுப்பலாக வந்தாலோ, பயணிகள் விமானத்தில் போய்வருகிறேன் என்று சொல்லுங்கள். கோவையிலிருந்து டெல்லிக்கு விமானம் இல்லாமலா இருக்கிறது?

மறைப்பது வேறு விஷயம். விமானிகள் அவசர ஆக்சிஜனைப் பயன்படுத்த நேரும் நிகழ்ச்சியை, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு, தீவிர நிகழ்வுகளுக்கான உதாரணங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அப்படிப்பட்டதை, இந்திய விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வுக்கும் விமான விபத்துப் புலனாய்வு அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டியது விமானியின், விமானத்தை இயக்குபவரின் கடமை. பேசலாமா கூடாதா என்று எம்.டி. தீர்மானிக்கும் விஷயம் அல்ல அது. அவசர அழைப்பு கொடுத்து நாக்பூரில் இறங்கியிருந்தால் கட்டுப்பாட்டு மையத்தில் பதிவு இருக்கும். கேப்டன் ஏற்கெனவே அறிக்கை கொடுத்திருக்கவும் கூடும். அவரிடம் நேராகவே கேளுங்கள். கொடுக்கவில்லை என்று தெரிந்தால், டி.ஜி.சி.ஏ.வுக்கு நீங்களே தன்னார்வ அறிக்கை அனுப்ப வழி இருக்கிறது.

எம்.டி. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருப்பார் என்று நினைக்க வேண்டாம். பத்திரிகையில் வந்தால் பங்குதாரர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை. ஆனால் அந்த விமானத்தில் அவருடைய மருமகளும் இருந்தார். அவரை வைத்துப் பேச்சை ஆரம்பியுங்கள்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அடுத்த மாதம் எம்.டி. குடும்பம் அந்தமான் போகிறது, காலையில் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங், மாலையில் இதே விமானத்தில் கோவை திரும்புகிறார்கள் என்று. அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. ஆழத்தில் மூச்சுவிடும்போது இரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் கரைந்து சேரும். அது மெல்ல வெளியேறுவதற்கு முன் உயரத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்தது போல உடலுக்குள் குமிழ் விடும். மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். விமான அறையின் அழுத்தம் சரியாக இருந்தாலே இந்த ஆபத்து உண்டு. அன்றைக்குப் போல அது குறைந்துவிட்டால் நினைத்துப் பார்க்கவே வேண்டாம். டைவிங் முடிந்து 24 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும். பயணத் திட்டம் போடுவது உங்கள் மேசைதான் என்றால் திரும்பும் தேதியை இன்றே மாற்றிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. அந்த நான்குகள் நிறைந்த அட்டவணையை அழித்துவிடாதீர்கள், திருத்தியும் சேமிக்காதீர்கள். உங்கள் மென்பொருள் தானாகச் சேமித்துக்கொண்டிருந்தால் எந்த நிமிடம் வரை எண்கள் சரியாக இருந்தன, எந்த நிமிடத்தில் நான்குகள் தொடங்கின என்பதெல்லாம் நேரத்தோடு அதில் இருக்கும். அதை விமானத்தின் பதிவோடு ஒப்பிட்டால், உள்ளே அழுத்தம் எப்போது எவ்வளவு குறைந்தது என்பதைக் கேப்டனும் பொறியாளரும் இன்னும் துல்லியமாகப் புரிந்துகொள்வார்கள். ஒரு பிரதி எடுத்து அவர் கையில் நேரில் கொடுங்கள்.